தாஃபரனுயி போய் வந்தவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தபோது, நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வடக்கே இருக்கும் தாஃபரனுயி வட்டாரப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆக்லாந்தில் இருக்கும் நம் குடும்பங்களில் நிறையப் பேர் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனவர்கள் நீங்களும் சொல்லுங்கள்.

வழி சுலபம். வடக்கே வார்க்வொர்த், அங்கிருந்து மட்டகானா, அப்புறம் டகாட்டு சாலை. 2023-இல் பூஹோய் - வார்க்வொர்த் மோட்டார்வே திறந்த பிறகு பயணம் இன்னும் லேசாகிவிட்டது. நகரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே கடையும் கிடையாது, எனவே சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

பூங்கா இருக்கும் தீபகற்பத்தின் கழுத்துப் பகுதியில் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை வேலி போட்டிருக்கிறார்கள். 2.5 கிலோமீட்டர் நீளம், 2004-இல் முடித்தது. அப்பா வாழ்நாளெல்லாம் வயலில் இருந்தவர். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கம்பிவலையைத் தொட்டுப் பார்த்தார். விரல்கூட நுழையாத கண். மேலே தகடு வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது, ஏறி வருகிற எதுவும் அதைத் தாண்ட முடியாது. அடியில் தோண்டி வராமலிருக்க மண்ணுக்குள்ளும் வலை விரித்திருக்கிறார்கள்.

“ஆடு வேலிக்கு உள்ளேயும் மேயுது, வெளியேயும் மேயுது. அப்போ இந்த வேலி யாருக்குப்பா?” என்று கேட்டார்.

நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர மண்ணுக்குரிய தரைவாழ் பாலூட்டியே இல்லை. இங்குள்ள பறவைகள் அப்படித்தான் வளர்ந்தன. சில பறக்கவே மறந்தன, பல தரையில் கூடு வைத்தன. மனிதர்கள் வந்தபோது எலி வந்தது. பின்னால் கீரி போன்ற ஸ்டோட்டும், மரமேறும் போசமும் வந்தன. முட்டையையும் குஞ்சையும் தின்னும் அவற்றைத் தடுக்கத்தான் வேலி என்றதும் அப்பா தலையாட்டிக்கொண்டே வேலியோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார்.

உள்ளே போனதும் மேய்ச்சல் நிலம். செம்மறிகள் பாட்டுக்கு மேய்கின்றன. அவற்றுக்கு நடுவே, புல்வெளியில், நீலமும் பச்சையுமாக ஒரு ஜோடி தக்காஹே பறவைகள்! கோழியைவிடப் பெரிய உருவம், தடித்த சிவப்பு அலகு. ஒன்று புல்லை அடியோடு பிடுங்கி, ஒரு காலால் கைபோலப் பிடித்துக்கொண்டு, வெள்ளையாக இருக்கும் அடித்தண்டை மட்டும் கடித்துத் தின்றது. மேல்பகுதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த புல்லுக்குப் போனது. அம்மா அசையாமல் நின்று பார்த்துவிட்டு, “நம்ம குளத்துத் தாழைக்கோழி மாதிரியே இருக்குடா, ஆனா எவ்ளோ பெரிசு!” என்றார். உண்மையிலேயே இரண்டும் ஒரே இனக்குழு. தக்காஹே அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1948-இல் தென்தீவின் ஃபியோர்ட்லாந்து மலைகளில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் சுமார் 500 பறவைகள்தான் இருக்கின்றன. அதில் இரண்டு எங்களைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எல்லோரும் ஆங்கர் பே கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெள்ளை மணல், பாறைக் குளங்கள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் நடந்து பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

* * *

அண்ணா, காட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது ஆக்லாந்து. மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈகாலஜி ட்ரெயில் என்கிற பாதையில் போனோம். பாதைத் தொடக்கத்தில் சப்பாத்தைத் துலக்கி, மருந்து தெளிக்கிற இடம் இருக்கும். கௌரி மரங்களின் வேரை அழுகவைக்கும் நோய் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவுவதால் இந்த ஏற்பாடு. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் செய்ய வேண்டும். பிள்ளைகளிடம் அந்தத் தூரிகையைக் கொடுத்துவிட்டால் போதும், அவர்களே அம்மம்மாவின் சப்பாத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள்.

காட்டுக்குள் போனதும் காற்றே மாறிவிடுகிறது. நிக்காவு பனைகள், பெரணி மரங்கள், ஈரமான சருகு வாசம். ஒரு வளைவில் மகள் காலால் சருகைக் கிளறினாள். எங்கிருந்தோ சாம்பல் நிறத்தில், நீண்ட மெல்லிய கால்களுடன் ஒரு சின்னப் பறவை பறந்து வந்து அவள் காலடியில் நின்றது. டௌட்டோவாய், அதாவது வடதீவு ராபின். தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, பிறகு கிளறிய இடத்தில் புழுவைத் தேடியது. கடைசியில் அவளுடைய சப்பாத்து நாடாவை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. மகள் மூச்சுவிடாமல் நின்றாள். அம்மா மெதுவாக, “அசையாத பிள்ளை, அது உன்னை நம்பி வந்திருக்கு” என்றா. தயவுசெய்து உணவு எதுவும் போடாதீர்கள், அது தானாகவே வரும். வேகமாக நடந்தால் எதுவுமே தென்படாது. ஓரிடத்தில் நின்று கேளுங்கள், டூயி கத்துவதும் கெரெருப் புறா இறக்கை அடித்துப் போகிற சத்தமும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும்.

* * *

நாங்கள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கினோம். கோடையில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆக்லாந்து மாநகராட்சியின் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

இருட்டிய பிறகுதான் அந்த இடத்தின் மறுபக்கம் தெரிகிறது. வடதீவுப் பழுப்புக் கிவிப் பறவைகளை 2006-இலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். முதலில் உச்சக் குரலில் விசில் போலத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது ஆண். கொஞ்சம் கழித்துக் கரகரத்த குரலில் பெண் பதில் சொன்னது. என் பையன் படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். “அப்பா, ரெண்டும் பேசிக்குதா?” என்றான். ஆமாம்டா என்றேன்.

சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச்சோடு பாதையில் மெதுவாக நடந்தோம். வெள்ளை வெளிச்சம் கிவியின் கண்ணை வருத்தும், ஃபிளாஷ் போட்டுப் படமும் எடுக்கக்கூடாது. பாதையோரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கிவிக்கு மூக்குத் துவாரம் அலகின் நுனியில் இருப்பதால், மண்ணைக் குத்தி மோந்து மோந்துதான் இரை தேடும். புதருக்குள் ஒரு உருண்டை உருவம் அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. எங்களுக்கு அதுவே போதும். முட்டையை அடைகாப்பது அப்பா கிவி என்று சொன்னபோது பையனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

நாய் கூட்டிப்போகலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, வண்டிக்குள்கூட வைத்திருக்க முடியாது. கிவியின் நெஞ்சுப் பகுதி வலுவில்லாதது, நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் செத்துப்போகும்.

* * *

கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு அவ்வளவு தூரம் சிரமம் என்றால் ஷேக்ஸ்பியர் வட்டாரப் பூங்காவுக்குப் போங்கள். ஃபங்கபராவா தீபகற்பத்தின் முனையில் இருக்கிறது, நகரத்துக்கு இன்னும் பக்கம். (நாடக ஆசிரியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே பண்ணை வைத்திருந்த குடும்பத்தின் பெயர் அது.) அங்கேயும் 2011-இல் வேலி போட்டார்கள், அங்கேயும் ஆடு மாடு மேய்கிறது, காடும் இருக்கிறது. டெ ஹருஹி பே ஆழமில்லாத, அமைதியான கடல். தவழ்கிற குழந்தையைத் தண்ணீர் ஓரமாக உட்கார வைக்கலாம், நீங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. மேட்டில் ஏறினால் டிரிட்டிரி மட்டங்கித் தீவு கண்ணெதிரே.

ஒன்று சொல்லியாக வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் கடற்கரையில் கயிறு கட்டிய இடங்களுக்குள் குழந்தைகளை விடாதீர்கள். டாட்டரல் பறவை வெறும் மணலில்தான் முட்டையிடும். ஒருமுறை எங்கள் முன்னால் ஒரு டாட்டரல் இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடியது. அக்கா மகன் தூக்கப் போனான். அது அடிபடவில்லை, நம்மைக் குஞ்சிடமிருந்து வேறு திசைக்கு இழுக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வந்தோம். கொஞ்சம் தள்ளி வந்ததும் எழுந்து, இரண்டு இறக்கையையும் விரித்துப் பறந்துபோனது.

* * *

தாஃபரனுயியில் தொண்டு வேலை செய்கிறவன் என்ற முறையில் சில வார்த்தைகள். வேலியின் இரண்டு முனைகளும் கடலில் முடிகின்றன. அலை இறங்கும்போது ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஸ்டோட் உள்ளே வர வாய்ப்பிருக்கிறது. அதனால் பொறி வைப்பதும் போய்ச் சரிபார்ப்பதும் ஓயாத வேலை. நீங்கள் வருவதற்கு முன் கூடாரப் பை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் பிரித்து உதறிவிடுங்கள். ஒளிந்து வருகிற ஒரே ஒரு சினை எலி போதும், பல வருட உழைப்பு பாழாகிவிடும்.

பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், சாத்தியிருந்தால் சாத்துங்கள். வடக்குக் கரையோரக் கடல் 2011 முதல் அரசின் கடல் காப்பகம், மீன் பிடிக்கக்கூடாது, சிப்பிகூட எடுக்கக்கூடாது. குப்பைத்தொட்டி இல்லை, கொண்டு வந்ததை நீங்களே திருப்பி எடுத்துப் போக வேண்டும்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பெல்பேர்டு பறவை. அதை யாரும் கொண்டுவந்து விடவில்லை. எலி ஒழிந்ததும் தானாகவே கடல் தாண்டி வந்து குடியேறியது. இப்போது காலையில் காடு முழுக்க அதன் குரல்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் கூடுவோம். குளிர்காலத்தில் மரம் நடுவோம், மற்ற மாதங்களில் நாற்றுப்பண்ணையிலும் பாதைகளிலும் வேலை. குழந்தைகளும் வரலாம், நம் ஆட்கள் வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு மரமாவது அங்கே நட்டுவிட வேண்டும் என்கிறார். தம்பி, வருகிற முதல் ஞாயிறு நாங்கள் வருகிறோம். மண்வெட்டி அங்கேயே இருக்குமா, நாங்கள் கொண்டு வர வேண்டுமா?