நுரையீரல் புற்றுநோய் 1பி நிலை: ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவுக்கு வயது 61, புகைப்பழக்கமே கிடையாது. வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்துவிட்டார்கள். ஸ்கேனில் கட்டி 2.4 செ.மீ. என்பதால் 1ஏ3 நிலை என்றார்கள். ஆபரேஷனுக்குப் பின் வந்த பயாப்ஸி அறிக்கையில் அதற்கு அடுத்த நிலையான 1பி என்று இருக்கிறது. நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை, வெட்டிய விளிம்பும் சுத்தம். ஆனால் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் ப்ளூரா சவ்வுக்குள் கட்டி ஊடுருவியிருக்கிறது. அப்படியிருந்தால் 3 செ.மீ.க்குக் குறைந்த கட்டியும் டி2ஏ (கட்டியின் அளவையும் ஊடுருவலையும் குறிக்கும் வகை) கணக்கில்தான் வருமாம், அதனால்தான் 1பி.

புற்றுநோயின் நிலைகளைப் பிரிக்கும் டி.என்.எம். முறையின் எட்டாம் பதிப்பின்படி ஐந்தாண்டு உயிர்வாழ்வு 1ஏ3-க்கு 80 சதவீதம், 1பி-க்கு 73. இது பலருடைய சராசரிதான், அம்மாவின் கணக்கு இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

கட்டியை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் பாசிட்டிவ். அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரையை 3 வருடம் தினமும் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். இந்த மாத்திரையைச் சோதித்த அடாரா ஆய்வில், 1பி முதல் 3ஏ வரை சேர்த்து, மாத்திரை எடுத்தவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 88 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 78. இன்னொரு டாக்டரோ ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்கிறார்.

1பி-யில் இதை எடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, நகக்கண் புண் எல்லாம் எந்த அளவுக்கு இருந்தது? செலவுக்குக் காப்பீடு கைகொடுத்ததா? அடுத்த வாரம் டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும்.