60 ஆயிரத்துக்குள் கேமிங் பிசி, நாலைந்து வருடம் தாங்க வேண்டும், அவசரம்

வைகைக்கரை:
வணக்கம். தம்பிக்குக் கேமிங் பிசி அசெம்பிள் செய்ய வேண்டும், பட்ஜெட் 60 ஆயிரம். கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ5 12400எஃப் பிராசஸர், எச்610 போர்டு, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட். அடுத்த நாலைந்து வருடம் பெட்டியைத் திறக்கவே கூடாது. நாளை அட்வான்ஸ் கொடுக்கிறேன், வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

கீபோர்டு_கோவை:
60 ஆயிரத்தில் மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் அடக்கமா, வெறும் சிபியு மட்டுமா? தம்பி என்ன கேம் ஆடுவார்? வாலரண்ட் மட்டும் என்றால் இதுவே அதிகம். புதிதாக வரும் பெரிய கேம்கள் என்றால் இந்தக் கார்டு போதாது.

நெல்லை_பிக்சல்:
3050 கார்டில் மெமரி 6 ஜிபியா, 8 ஜிபியா? இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். 8 ஜிபி 2022இல் வந்தது, 6 ஜிபி 2024இல் வந்தது, ஆனால் பின்னால் வந்ததுதான் வேகம் குறைந்தது: கோர்கள் 2560இல் இருந்து 2304 ஆகிவிட்டன, மெமரி பஸ் (மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலம்) 128 பிட்டில் இருந்து 96 ஆகிவிட்டது. அப்புறம் ராம் பழைய டிடிஆர்4ஆ, புது டிடிஆர்5ஆ? ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா, இரண்டு 8ஆ?

சீனியர்_சாலிடர்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட் என்றால் என்னவென்று முதலில் படியுங்கள் தம்பி. உங்கள் 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ1700 முடிந்துபோன சாக்கெட். 12, 13, 14ஆம் தலைமுறையோடு சரி, 2024 அக்டோபரிலேயே இன்டெல் எல்ஜிஏ1851 என்ற அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7500எஃப் பிராசஸர், அதற்கு ஒரு பி650 போர்டு. இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

கீபோர்டு_கோவை:
பேச இருக்கிறது சார். ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். 2025 கடைசியில் இருந்து ராம் விலை எப்படி ஏறியது என்று எல்லோரும் பார்த்தோம், மெமரி சிப்பெல்லாம் ஏஐ சர்வர்களுக்குப் போகிறது. போர்டுக்கும் ராமுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு என்ன மிஞ்சும்? பிசி ஓடப்போவது நாலைந்து வருடம், அதற்குள் அதே போர்டில் பிராசஸர் மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

சீனியர்_சாலிடர்:
2017இல் ஏஎம்டிக்கான பி350 போர்டு வாங்கியவர்கள் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து ரைசன் 5600 போட்டு இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போர்டு, ராம் எதையும் மாற்றவில்லை. அந்த அருமை தெரிந்தவர்கள்தான் சாக்கெட் பார்த்து வாங்குவார்கள்.

மின்வெட்டு_மாறன்:
எல்லோரும் பிராசஸரையே பேசுகிறீர்கள், 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை யாருமே பார்க்கவில்லை. நாளைக்கு நல்ல கார்டு போட வேண்டுமென்றால் அதுதான் முதலில் இடிக்கும். ஆர்டிஎக்ஸ் 4060க்கும் ஆர்எக்ஸ் 7600க்கும் 550 வாட் பரிந்துரைத்திருக்கிறார்கள். 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள், அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே போட்டிருக்கும் பாகங்களின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை வருட வாரண்டி என்று கேளுங்கள். யுபிஎஸ் இருக்கிறதா? எத்தனை விஏ (யுபிஎஸ்ஸின் திறன்)?

பழைய_கார்டு:
புதுக் கார்டே வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி செகண்ட் ஹேண்டில் பாருங்கள். இன்றைய கேம்களில் டெக்ஸ்சர் (காட்சிப் பரப்புகளின் நுணுக்கம்) தரத்தை ஏற்றினால் கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பிவிடுகிறது, ஐந்து வருடம் தாங்க வேண்டும் என்றால் 12 ஜிபி இல்லாமல் முடியாது.

நெல்லை_பிக்சல்:
கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டாக இருந்தால்? தம்பிக்கு வாங்குகிற முதல் பிசியில் இந்த ரிஸ்க் வேண்டாம். ஃபேன் தேய்ந்திருக்கும், பில் இருக்காது, வாரண்டிக்கு யாரிடம் போவார்?

பழைய_கார்டு:
எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருக்கிற கார்டு என்றால் நல்ல கார்டுதான். நேரில் போய் அரை மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை) ஓட்டி, சூட்டைப் பார்த்து வாங்குங்கள்.

நெல்லை_பிக்சல்:
அரை மணி நேரத்தில் மெமரி கோளாறு தெரியாது. வீட்டுக்கு வந்தபிறகுதான் திரையில் கட்டம் கட்டமாக வரும். பழக்கப்பட்டவர்கள் வாங்கலாம், புதிதாக வருகிறவரைத் தள்ளிவிடாதீர்கள்.

வைகைக்கரை:
மானிட்டர் இருக்கிறது, 1080பி 75 ஹெர்ட்ஸ். யுபிஎஸ் 600 விஏ. வாலரண்ட், ஜிடிஏ 5 ஆடுவான், ஜிடிஏ 6 வந்தால் அதுவும். ராம் டிடிஆர்4, ஒரே ஸ்டிக்.

கீபோர்டு_கோவை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஜிடிஏ 6 இதுவரை பிசிக்கு அறிவிக்கப்படவில்லை, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மட்டும்தான், அதை மனதில் வைத்து இப்போது செலவு செய்யாதீர்கள். 1080பி 75 ஹெர்ட்ஸுக்கு 12400எஃப் தாராளம், ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பிராசஸரில் கை வைக்காமல் கார்டை ஆர்எக்ஸ் 7600க்கு ஏற்றுங்கள், எஸ்எம்பிஎஸ் 550. எச்610 போர்டில் ராம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டுதான். 8+8 என்று இரண்டு ஸ்டிக் போட்டால் வேகம் கிடைக்கும், ஆனால் பின்னால் சேர்க்க இடம் இருக்காது. பட்ஜெட் இடம் கொடுத்தால் நாலு ஸ்லாட் உள்ள பி760 போர்டு எடுங்கள்.

மின்வெட்டு_மாறன்:
600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் ஷட்டவுன் செய்ய ஓரிரு நிமிடம் கிடைத்தாலே அதிகம், மானிட்டரும் அதில்தான் இருக்கும். மதுரைப் பக்கம் என்றால் 1000 விஏவுக்கு மாறுவது நல்லது.

சீனியர்_சாலிடர்:
செத்த சாக்கெட்டில் காசு போட வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லிவைக்கிறேன். இன்னும் இரண்டு மாதம் சேர்த்து ஏஎம்5 எடுக்கட்டும்.

கீபோர்டு_கோவை:
இரண்டு மாதத்தில் ராம் விலை இறங்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

வைகைக்கரை:
கேட்டேன், 3050 6 ஜிபிதான். ஆர்எக்ஸ் 7600, ராம் 8+8, எஸ்எம்பிஎஸ் 550 என்று மாற்றிக்கொண்டேன், மூவாயிரம் கூடுதல். போர்டு அதேதான். நன்றி.

மின்வெட்டு_மாறன்:
எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி, எந்த மாடல்? பில் போடுவதற்கு முன் இங்கே போடுங்கள்.

பழைய_கார்டு:
அதே காசுக்கு 12 ஜிபி கிடைத்திருக்கும்.

மின்வெட்டு_மாறன்:
வைகைக்கரை, மாடல் சொல்லுங்கள்.