கெமோனோ ஃப்ரெண்ட்ஸ் நீர்நாய்ப் பெண்மேல் பழி போடலாமா?

நதிக்கரையான்:
2017 ஜனவரியில் தொடங்கி 12 பகுதிகளாக ஒளிபரப்பான ‘கெமோனோ ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அனிமேயை, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடரை, இப்போதுதான் பார்த்து முடித்தேன். விலங்குகள் எல்லாம் பெண்களாக உருமாறி உலவும் பூங்கா. இரண்டாம் பகுதியில் ஒரு நீர்நாய்ப் பெண் வருகிறாள். சறுக்கி ஆற்றில் விழுகிறாள், கூழாங்கற்களைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறாள், எதற்கெடுத்தாலும் ‘தா...னோஷீ!’ என்று கூவுகிறாள். ‘ஆகா, என்ன குஷி!’ என்று பொருள். அழகுதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்தில் ஜப்பானுக்குக் கிளம்பிய ஒரு பெட்டியில் 10 நீர்நாய்க் குட்டிகள் பிடிபட்டன. வளர்ப்பு ஆசை என்னும் நெருப்புக்கு இப்படிப்பட்ட பாத்திரங்களும் எண்ணெய் வார்த்தன என்பது என் கட்சி.

சேர்வல்தோழன்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கிறதே! அந்த ஆசையை வளர்த்தவை வீட்டு நீர்நாய்களின் வீடியோக்களும், காசு கொடுத்தால் தொட்டுப் பார்க்கவிடும் நீர்நாய்க் கஃபேக்களும். இந்தத் தொடரில் எந்த விலங்குக்கும் எஜமான் கிடையாது, கூண்டும் கிடையாது. கதையின் நடுவே உண்மையான விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்கள் தங்கள் சொந்தக் குரலில் விளக்கம் தருகிறார்கள். வேறு எந்த அனிமேயில் அப்படிக் கேட்டிருக்கிறீர்கள்?

நதிக்கரையான்:
கேட்டேன், மறுக்கவில்லை. ஆனால் பார்த்தவர் மனத்தில் நிற்பது விளக்கமா, அந்த ஒற்றைக் கூவலா? அவளுடைய இனமான உண்மையான சிறுநக நீர்நாய் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பமாக வாழ்கிற பிராணி. ஓயாமல் கீச்சிடும். கடித்தால் எலும்புவரை இறங்கும். அதைத் தனியாகக் கொண்டுபோய்க் குளியலறைத் தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, அடைத்து வளர்க்கப்படும் இந்த இனத்துக்குச் சிறுநீரகக் கல் வருவது மருத்துவர்கள் நன்கறிந்த தொல்லை.

கூழாங்கல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்தக் கல் விளையாட்டு கற்பனையில்லை. மல்லாந்து படுத்து, கல்லை உள்ளங்கையிலிருந்து மார்புக்கும் மார்பிலிருந்து கழுத்துக்கும் உருட்டி, விழப்போகும் நொடியில் பிடிக்கும். நகம் விரல் நுனியைத் தாண்டாது. விரல் வெறும் சதையாக நீண்டிருக்கும். பாறையிடுக்கில் நண்டைத் துழாவுவதற்கென்றே அமைந்த கை அது. இதே இனம் நம் ஆனைமலை ஓடைகளிலும் இருக்கிறது. வால்பாறைப் பக்கம் ஒரு பாறைமேல் அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். மீன் முள் அதிகமில்லை, முழுக்க நண்டோட்டுத் துணுக்குகள். நாற்றம் மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

இன்னொன்று. எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட முடிவு: நீர்நாய்கள் பசியோடு இருக்கும்போதுதான் கல்லை அதிகம் உருட்டுகின்றன. நன்றாக உருட்டத் தெரிந்தவை உணவுப் புதிர்களைச் சீக்கிரம் அவிழ்க்கின்றனவா என்று பார்த்தால், அப்படியும் இல்லை.

நதிக்கரையான்:
பார்த்தீர்களா! சோற்றுக்குக் காத்திருக்கும் விலங்கைப் பார்த்து ‘என்ன குஷி’ என்கிறோம்.

சேர்வல்தோழன்:
அவசரப்படாதீர்கள். பந்தியில் இலை போட்டதும் நமக்குக் கை துறுதுறுப்பதில்லையா? அது பட்டினியா? அதே ஆய்வில், குட்டி வளர்க்கும் வயதிலிருப்பவற்றைவிடச் சின்னவையும் கிழடுகளும்தான் அதிகம் உருட்டின என்றும் இருக்கிறது. பசி ஒன்றே காரணம் என்றால் இந்த வயதுக் கணக்கு எங்கிருந்து வந்தது?

நதிக்கரையான்:
சரி, அந்தக் கல்லைக் கீழே வைக்கிறேன். ஜப்பானின் கதைக்கு வருவோம். அவர்களுடைய ஆறுகளில் சொந்த நீர்நாய் இருந்தது. தோலுக்காக வேட்டையாடினார்கள், எஞ்சியதை ஆற்று மாசும் கரைக் கட்டுமானமும் பார்த்துக்கொண்டன. கோச்சி மாகாணத்துச் சுசாக்கியில் 1979-ல் கண்டதுதான் கடைசி உறுதியான காட்சி. 2012-ல் அற்றுப்போனதாக அரசே அறிவித்தது. இன்று அதே ஊரின் சின்னம் ஷின்ஜோ-குன், தலையில் ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு நீர்நாய் பொம்மை! உள்ளூர் விலங்கைப் பொம்மையாக்கிவிட்டு, உயிருள்ளதைத் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து பெட்டியில் வரவழைத்தால் கோபம் வராதா?

சேர்வல்தோழன்:
வரும். எனக்கும் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் கடத்தல்காரன்மேல் காட்டுங்கள். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இந்தச் சிறுநக இனத்தை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு மாற்றின. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்கு அந்த நவம்பரிலிருந்து தடை. தொடர் பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஜப்பானின் தோபு விலங்குக் காட்சிசாலையில் கிரேப்-குன் என்ற ஒரு கிழட்டுப் பென்குவின், இந்தத் தொடரின் பாத்திரமொன்றின் அட்டை உருவத்தையே நாளெல்லாம் பார்த்து நின்றதல்லவா? அந்த கிரேப்-குன்னைப் பார்க்க ரசிகர்கள் திரண்டார்கள். யாரும் அதை வீட்டுக்குத் தூக்கிப்போகவில்லை.

நதிக்கரையான்:
பென்குவினைக் கைப்பெட்டியில் அடைக்க முடியாது ஐயா. நீர்நாய்க் குட்டியை முடியும்.

கூழாங்கல்:
எனக்கு இருக்கும் குறை வேறு. தொடர் முழுக்க அவள் ஒரு நண்டைக்கூடக் கடிக்கவில்லை. பூங்காவில் எல்லோருக்கும் ஜாப்பரி மன் என்ற ஆவியில் வெந்த பன்தான் சாப்பாடு.

சேர்வல்தோழன்:
சிங்கத்துக்கும் அதேதான். அங்கே மட்டும் மானைக் கடிக்கவிட்டால் இரண்டாம் பகுதியோடு தொடரை நிறுத்தியிருப்பார்கள்.

நதிக்கரையான்:
மானை விடுங்கள். ஒரே ஒரு நண்டு, ஓடு நொறுங்குகிற சத்தத்தோடு. அதைக் காட்டியிருந்தால் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.