குளோரின் வாடை: அடித்தால் பயமா, அடிக்காவிட்டால் பயமா?

வடகரையான்:
மழைக்காலம் வந்தால் எங்கள் தெருக் குழாயில் நீச்சல் குளத்து வாடை அடிக்கிறது. ஏரி நீரில் மக்கிய இலையும் பாசியும் குளோரினோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் முதலான டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். 1974இலேயே நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்து வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் இதைச் சொல்லிவிட்டார். நெடுங்காலம் குடித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நெதர்லாந்தில் இன்று குழாய்நீரில் குளோரினே இல்லை. நாம் மட்டும் ஏன் குடிக்க வேண்டும்?

செங்கழுநீர்:
ஐயா, அங்கே குழாயில் இரவும் பகலும் அழுத்தம் உண்டு, கசிவும் மிகக் குறைவு. நம்மூரில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர், அப்புறம் காற்று. காலிக் குழாய் வெடிப்பு வழியாகச் சாக்கடையை உறிஞ்சும். அப்போது காப்பாற்றுவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சி நிற்கும் குளோரின்தான். 2000இல் கனடாவின் வாக்கர்டனில் குளோரினைச் சரிவரப் போடாமலே பதிவேட்டில் பொய்க்கணக்கு எழுதினார்கள். ஈ.கோலை கிருமிக்கு 7 பேர் பலி, 2,000 பேருக்கு மேல் நோய். புற்றுநோய் வர ஆண்டுகள் ஆகும். வயிற்றுப்போக்கு அவ்வளவு நாள் காத்திருக்காது.

வடகரையான்:
அதே வாதத்தை வைத்துத்தான் அமெரிக்காவின் ஃப்ளின்டில் கூட்டிக் கூட்டி ஊற்றினார்கள். 2014இல் ஆற்று நீருக்கு மாறினார்கள், கிருமி தெரிந்தது, குளோரினை ஏற்றினார்கள். டிரைஹாலோமீத்தேன் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியது. மக்களுக்குச் சொன்னது 2015 ஜனவரியில். அதே தண்ணீரில் குழாயிலிருந்து கரைந்த ஈயம் பெரிய செய்தியானதால் இது மறந்துபோனது.

தொட்டிக்காவலன்:
ஊராட்சித் தொட்டியை இயக்குபவன் நான். குளோரோஸ்கோப் என்ற சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் தெரியும், மிஞ்சிய குளோரின் எவ்வளவு என்று அந்த நிறத்தைப் பார்த்துச் சொல்வோம். பிளீச்சிங் பவுடர் மூட்டை பழசானால் வீரியம் போய்விடும், அதனால் ஒரு கை அதிகமாகப் போடுகிறவர்களும் உண்டு. குளோரோஃபார்மை அந்தக் குப்பி காட்டாது.

செங்கழுநீர்:
ஃப்ளின்ட் என் பக்கத்துச் சாட்சி! குறை குளோரினில் இல்லை, போடும் முறையில். படிகாரம் போட்டுக் கலங்கலைப் படியவிட்டு, வடிகட்டி, மக்கிய இலை, பாசி போன்ற கரிமப் பொருளை எடுத்த பிறகு குளோரின் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். வாடையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், அது பெரும்பாலும் குளோரமீன், அதாவது குளோரின் அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்து உண்டாவது; குளோரோஃபார்ம் அல்ல.

வடகரையான்:
சரி. இந்தியத் தரநிர்ணயத்தில் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறதே, எங்கள் ஏரி நீரில் அதை யார் அளந்து எந்தப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்? அந்தத் தாளைக் காட்டுங்கள், குடிக்கிறேன். அதுவரை மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் என் வீட்டில்.

செங்கழுநீர்:
கொதிக்கவைத்தால் குளோரோஃபார்ம் ஆவியாகும், ஆனால் குளோரினால் உண்டாகும் இன்னொரு வகையான ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தாளை நானும் கேட்கிறேன்.