பிள்ளைப்பேறு: மிட்வைஃபுக்குக் காப்புறுதி காசு தருமோ?

ஒட்டுசுட்டான்வாசி:
மனிசிக்கு 3 மாசம். என்ர கொம்பனியில குழுக் காப்புறுதி இருக்கு. மிட்வைஃபை வைச்சு வீட்டில பிள்ளை பெத்தா காசு தருவினமோ? சுகப்பேறுக்கு என்ன கிடைக்கும்?

வன்னிச்செவ்வந்தி:
வீட்டுப்பேறை நம்பி இராதேங்கோ. பொதுவா ஆஸ்பத்திரி அனுமதியை வைச்சுத்தான் கிளெய்ம். அனுமதி இல்லையெண்டா டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியால விடேக்க தாற விபர அட்டை) இல்லை, எதைக் குடுத்துக் காசு கேக்கிறது? ஊர் மிட்வைஃப், அதுதான் குடும்பநல மாது, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின்ர அரச உத்தியோகத்தர், அவவுக்குக் கட்டணமே இல்லை. கர்ப்பம் 8 கிழமையாக முதல் அவவிட்டப் பதியவேணும். பிந்தியிருந்தா உடன போய் எச் 512 எண்ட கர்ப்பிணிப் பதிவு அட்டையை எடுங்கோ. பேறுக்குப் பிறகு முதல் 10 நாளுக்குள்ள 2 தரம் வீட்ட வருவா. ஆஸ்பத்திரியிலயும் சிக்கலில்லாத சுகப்பேறைப் பெரும்பாலும் மிட்வைஃப்தான் பார்க்கிறது.

கணக்கர்:
முதல்ல காத்திருப்புக் காலத்தைப் பாருங்கோ. பொலிசி தொடங்கி இத்தனை மாசத்துக்குப் பிறகுதான் எண்டு போட்டிருந்தா இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. குழுக் காப்புறுதியில சிலவேளை அதை விட்டுக்குடுப்பினம். மனிசியின்ர பேர் பட்டியலில இருக்கோ? சுகப்பேறுக்கும் சீசருக்கும் உச்சவரம்பு வேறயா இருக்கும், சுகப்பேறுக்குக் குறைவு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரியில பில் வராது. அதால அரச ஆஸ்பத்திரியில தங்கிற நாளுக்குப் படிக்காசு இருக்கோ எண்டு கொம்பனி எச்ஆரிட்டக் கேளுங்கோ. கனபேர் கோட்டை விடுறது இதைத்தான்.

மாங்குளம்சந்தி:
மனிசி அரச உத்தியோகமெண்டா அக்ரஹார எண்ட அரச ஊழியர் காப்புறுதியையும் பாருங்கோ. ஆனா கிளெய்ம் பத்திரங்களின்ர மூலப்பிரதியை ஒரு இடத்திலதான் குடுக்கலாம். குடுக்க முதல் போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கோ.