மர லாந்தர் செய்கிறேன், புது மரத்தைப் பழசாகக் காட்டுவது எப்படி?

சிப்புட்டுப் பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் அக்கா கல்யாணம். கோயில் மண்டப வாசலிலிருந்து மேடை வரைக்கும் இரண்டு பக்கமும் மர லாந்தர் வைக்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, யார் செய்வது என்று யாரும் பேசவே இல்லை, அப்படியென்றால் நான்தான். கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. கையில் இருப்பது கொஞ்சம் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகை, ஒரு கட்டு ரப்பர் மரச் சட்டம். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பாட்டி காலத்திலிருந்து தொங்கியது மாதிரி இருக்க வேண்டும். சும்மா பழுப்பு வார்னிஷ் அடித்தால் புது நாற்காலி மாதிரிதான் தெரிகிறது. எப்படிச் செய்வது? உள்ளே மெழுகுவர்த்தி வைக்கலாமா?

மரத்தூள்:
தம்பி, முதலில் பேலட்டில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பயமில்லை. எம்பி (MB) என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை அறுக்கவே வேண்டாம், ஓரமாகப் போட்டுவிடுங்கள். ரப்பர் மரம் மண்டபத்துக்குள் வைக்க நல்ல மரம்தான், ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாமல் விட்டால் சீக்கிரம் உளுத்துப்போகும், மழை பட்டால் நீலம் பூத்துவிடும். நாற்காலித் தொழிற்சாலைகளில் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காய வைப்பது அதனால்தான். உங்கள் சட்டம் தொழிற்சாலைக் கழிவு என்றால் கவலை இல்லை, தோட்டத்தில் சாய்த்த மரத்தை நீங்களே அறுத்தது என்றால் யோசியுங்கள்.

நாலு கால், மேலே கீழே சதுரச் சட்டம், அவ்வளவுதான் லாந்தர். கண்ணாடிக்குக் காலில் காடி (நீளப் பள்ளம்) போடுங்கள், 3 மி.மீ. கண்ணாடி போதும். பசை வைத்து ஒட்டாமல், இருபுறமும் ஒரு மி.மீ. இடம் விட்டுச் சும்மா செருகி விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும், இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி விரிசல் விடும்.

கூலிம் அக்கா:
நிறத்துக்கு வார்னிஷை மறந்துவிடு தம்பி. வினிகரில் இரும்பு நாரைப் போட்டு ஓரிரு நாள் ஊற விடு. பாத்திரம் தேய்க்கும் பளபள நார் வேலைக்கு ஆகாது, அது துருப்பிடிக்காத எஃகு. ஹார்ட்வேர் கடையில் 0000 எண் நார் கேள், அதில் எண்ணெய் இருக்கும், பாத்திரச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊற வை. மூடியை இறுக்கி மூடாதே, வாயு கிளம்பும். அந்தத் தண்ணீரை மரத்தில் தடவினால் மரத்திலிருக்கும் துவர்ப்போடு சேர்ந்து சாம்பலும் கறுப்புமாக மாறும். தடவியதும் ஒன்றும் தெரியாது, காயக் காயத்தான் நிறம் ஏறும், அவசரப்பட்டு இன்னொரு பூச்சு அடித்துவிடாதே.

ரப்பர் மரத்தில் துவர்ப்பு ரொம்பக் குறைவு, பேலட் பைன் மரமாக இருந்தால் அதிலும் அப்படித்தான். அதனால் முதலில் கட்டியான தேநீர், பால் சர்க்கரை இல்லாமல், இரண்டு தடவை பூசிக் காய வை. அப்புறம் இரும்புத் தண்ணீர். ஒரு துண்டுக் கட்டையில் சோதித்துப் பார்க்காமல் லாந்தரில் கை வைக்காதே.

பழைய தோட்டம்:
நிறம் பாதிதான் தம்பி. பழசு என்பது தேய்மானம். தடவுவதற்கு முன்னாலேயே கம்பி பிரஷால் மரத்தின் வரி போகிற திசையில் நன்றாக இழுங்கள், மெத்தென்ற பகுதி போய் வரி மேலெழும்பும், விரலால் தடவினாலே தெரியும். ரப்பர் மரத்தில் இது அவ்வளவாக எடுபடாது, பைனில் அருமையாக வரும்.

அப்புறம் எங்கே தேயும் என்று யோசியுங்கள். கைப்பிடி, கதவைத் திறக்க விரல் படும் இடம், தரையில் இடிபடும் கீழ் மூலைகள். அங்கே மட்டும் உப்புத்தாள் போடுங்கள். சிலர் சங்கிலியால் எல்லாப் பக்கமும் அடித்து ஒரே மாதிரி குழி போடுகிறார்கள், பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்காது. உண்மையில் லயத்தில் தொங்கியது தகர அரிக்கேன் விளக்கு, பால்மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டியது கார்பைட் விளக்கு. மர லாந்தர் எந்தப் பாட்டி வீட்டில் இருந்தது என்று தெரியவில்லை! இருந்தாலும் செய்யுங்கள், மண்டபத்துக்கு அழகுதான்.

சிப்புட்டுப் பையன்:
நன்றி அக்கா, ஐயா, அண்ணே. துண்டுக் கட்டையில் பார்த்தேன், தேநீர் போட்ட பக்கம் நல்ல கருஞ்சாம்பல். ஆனால் ஒட்டிய மூலைகளில் மட்டும் வெள்ளையாகத் திட்டு நிற்கிறது, எத்தனை தடவினாலும் ஏறவில்லை.

மரத்தூள்:
பசை தம்பி. பிதுங்கி வந்ததைத் துடைத்தாலும் மரத்துக்குள் இறங்கிய பசை நிறத்தை ஏற விடாது. அறுத்து, பிரஷ் இழுத்து, நிறம் ஏற்றிக் காய வைத்துவிட்டு, கடைசியாக ஒட்டுங்கள். ஒட்டும் முகத்தில் மட்டும் நிறம் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே மெழுகு பூசினால் போதும், பளபளப்பு வேண்டாம். ஆளி விதை எண்ணெய் போடுவதென்றால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள், குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும்.

கூலிம் அக்கா:
மெழுகுவர்த்தி கேட்டாயே, வேண்டாம். மேடைத் துணி, பட்டுப் புடவை, ஓடுகிற பிள்ளைகள், நடுவில் நெருப்பு எதற்கு? பேட்டரி மெழுகுவர்த்தி கடையில் கிடைக்கும், மஞ்சள் வெளிச்சமாகப் பார்த்து வாங்கு, வெள்ளையை வாங்கினால் கிளினிக் மாதிரி இருக்கும்.