போர்ட், பௌ, ஷீட், லாக்: இதெல்லாம் ஒரே சொல்லா, வேற வேற சொல்லா?

கேள்வி (புதுக்கடலோடி):
கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கேன். பள்ளிக்கூடத்துல போர்ட்னா துறைமுகம். இங்கே கப்பலோட இடப்பக்கம். லேப்டாப்ல ஒயர் சொருகுற இடமும் போர்ட். ஷீட்னா பாய்மரக் கப்பல்ல கயிறாம்! எப்படி மனசுல நிறுத்துறது?

பதில் (முன்னாள் போசன்):
தம்பி, நான் போசனா, அதாவது கப்பல் மேல்தள மாலுமிகளுக்குத் தலைவனா இருந்தவன். உருப்போடாதீங்க. எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க, தானா நிக்கும்.

பழைய காலத்துல வடக்கு ஐரோப்பாவில் கப்பலோட வலப்பக்க ஓரத்துல பெரிய துடுப்பு வச்சுத் திருப்புவாங்க. ஸ்டியரிங் பண்ற பக்கம், அதான் ஸ்டார்போர்ட். துடுப்பு இடிபடாம இருக்க, இடப்பக்கத்தைத்தான் துறையில் அணைப்பாங்க. அந்தப் பக்கத்துக்கு லார்போர்ட்னு பேர். புயல்ல கத்தினா ஸ்டார்போர்டா லார்போர்டான்னு யாருக்குக் கேக்கும்? உயிர் போற விஷயம். 1844-ல பிரிட்டிஷ் கடற்படை இனிமே போர்ட்னுதான் சொல்லணும்னு உத்தரவு போட்டுச்சு. துறையை ஒட்டின பக்கம், அதனால துறைமுகத்துக்கு உறவு. லேப்டாப் போர்ட் வாசல்ங்கிற லத்தீன் சொல் வழியா வந்தது. பீரங்கி நீட்ட கப்பல் பக்கவாட்டுல வெட்டின திறப்புக்கும் அதே பேர்தான்.

பௌ (bow) அப்படியில்லை. வில்லுக்கும் (போ) தலை குனியறதுக்கும் (பௌ) வளையறதுதான் வேர், ரெண்டும் சொந்தம். கப்பல் முகப்பு பௌ, தோள்பட்டைங்கிற பொருள்ல வடகடல் மொழிகள்ல இருந்து வந்த வேற ஆள். எழுத்து மட்டும் ஒண்ணு.

பதில் (இங்கிலீஷ் டீச்சர்):
ஷீட் நான் சொல்றேன். பாயோட கீழ்மூலைக்குப் பழைய ஆங்கிலத்துல இருந்த பேர், அங்கே கட்டுற கயிறுக்கு ஒட்டிக்கிச்சு. துணி, காகித ஷீட்டும் அதே குடும்பம்தான். ஐயா, லாக்? மரக்கட்டைக்கும் லாகினுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் (முன்னாள் போசன்):
நேரடி சம்பந்தம்மா! எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் அது. வேகம் பாக்க, ஈயம் பதிச்ச ஒரு மரத்துண்டைக் கப்பல் பின்னால கடல்ல போடுவாங்க. அது தண்ணியில செங்குத்தா நின்னு அங்கேயே கிடக்கும், கப்பல் முன்னால போகும், உருளையில இருந்து கயிறு ஓடும். கயிறுல 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருத்தன் 28 விநாடி மணல்கடிகாரத்தைக் கவுத்துப் பிடிச்சிருப்பான். மணல் தீர்றதுக்குள்ள கையில எத்தனை முடிச்சு ஓடுச்சோ அத்தனை நாட் வேகம். நாட்னாலே முடிச்சுதானே. ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். அந்த லாக் காட்டுனதை எழுதி வச்ச நோட்டு லாக் புக். கம்ப்யூட்டர்ல பேரைப் பதிஞ்சு உள்ளே போறதும் அந்த வழியில் வந்ததுதான்.

புதுக்கடலோடி:
நன்றி ஐயா. நேர்முகத் தேர்வுல பௌவை எப்படி உச்சரிக்கணும்?

முன்னாள் போசன்:
பௌ. வில்லைச் சொல்ற மாதிரி போன்னு சொல்லிடாதீங்க. சுக்கான் பிடிச்சு நிக்கும்போது அதிகாரி "போர்ட் டென்" (சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பு)ன்னா, அதை அப்படியே சத்தமாத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் திருப்பணும். அந்தப் பழக்கத்தையும் இப்பவே ஏத்திக்குங்க.